தூசி தட்டிய திருடன்

அத்தியாயம் 4

“இந்தத் திருடன் ரொம்பச் சுத்தக்காரன், ரஜப்” என்றாள் இந்திசோர்.

முழங்காலிட்டு உட்கார்ந்து, சர்வரின் முகப்பில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். பொட்டுத் தூசி இல்லை. காற்று உள்ளே போகும் வாயிலில் இருந்த பஞ்சு வடிகட்டியைக் கழற்றினாள். யாரோ அதை அலசி, காயவைத்து, திரும்பவும் பொருத்தியிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் இருந்த இடங்கள் நான்கும் காலி. ஆனால் அவற்றின் சின்ன மூடிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தன. மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டியின் சுவிட்ச் முறைப்படி அணைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பூப்போட்ட துணியுறை.

“குழந்தையைக் கடத்துறதுக்கு முன்னாடி குளிப்பாட்டிப் பவுடர் போட்டிருக்கான், அக்கா” என்றான் ரஜப்.

இந்திசோர் சிரித்தாள். ரஜப்பும் சிரித்தான். ஆனால் அவனுடைய இடது கை கோட்டுப் பைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. சற்றுமுன் மேசைக்கடியில் குனிந்தபோது கண்ணில் பட்ட ஒரு சின்னத் திருப்புளியை அந்தக் கை இறுகப் பிடித்திருந்தது. பிடியில் சிவப்பு டேப் சுற்றிய திருப்புளி. அந்த டேப்பைச் சுற்றியவன் யாரென்று ரஜப்புக்குத் தெரியும். அவன் மனைவியின் தம்பி ஷுஹ்ரத். இந்த சர்வரை இங்கே நிறுவியவன். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே ரஜப்தான்.

காவல்துறையில் விசாரணை அதிகாரியாக இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவள் இந்திசோர். ஊர்கெஞ்ச் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, தொலைந்த ஆட்களையும் பொருட்களையும் தேடித் தருகிறாள். கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, தேநீர் ஊற்றுவது, நடுநடுவே வாயடிப்பது ரஜப்பின் வேலை. இத்தனை வருடத்தில் அவளிடம் அவன் ஒரு தடயத்தையும் மறைத்ததில்லை. இன்றுதான் முதல்முறை.

போன குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த தையல் ஆலையின் கூரை, பனிச்சுமை தாங்காமல் உள்ளே விழுந்தது. கதவு வெளியே பூட்டியிருந்ததால் பெண்கள் பலர் அங்கேயே இறந்துபோனார்கள். தப்பியவர்கள் சொன்ன சாட்சியங்களைப் படம்பிடித்து, ஆலையின் சொந்த காமிராப் பதிவையும் அழிக்கப்படுவதற்குள் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தது இந்தச் சின்ன தொழிலாளர் உதவி அலுவலகம். எல்லாம் இந்த ஒரு சர்வரில். திங்கட்கிழமை வழக்கு விசாரணை. இன்று வெள்ளிக்கிழமை. டிஸ்க்குகளோடு, இரும்புப் பெட்டியிலிருந்த நகலும் போய்விட்டது.

அலுவலகத் தலைவர் ஓதாநஸர் வாசலில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது. நரைத்த மீசை, வெல்வெட் குல்லா, மெதுவான குரல்.

“ஊழியர்கள்ட்ட மெஷின் செத்துப்போச்சுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன், தங்கச்சி. திருட்டுன்னு சொல்லல. யார் முழிக்கிறாங்கன்னு பாக்கணும்ல? போலீசும் வேண்டாம்னுதான் உங்கள வரச் சொன்னேன். வியாழக்கிழமை காலைல நான்தான் முதல்ல பாத்தேன். மூடியைத் தூக்கினா உள்ள ஒண்ணும் இல்ல.”

“உங்களுக்கு கம்ப்யூட்டர் நல்லாத் தெரியுமா, அண்ணா?”

“எனக்கா? மெயிலையே காகிதத்துல எடுத்துக் குடுத்தாத்தான் படிப்பேன்” என்று அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

இந்திசோர் தலையாட்டிவிட்டு, சர்வருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே சுவரோரமாக, நாணல் வலையில் கட்டிய குளிர்கால முலாம்பழங்கள் ஏழெட்டு அடுக்கியிருந்தன.

*

பழங்கள் ஓட்டுநர் குவாந்திக்குடையவை. கூப்பிட்டவுடனே அழுகிற நிலையில் வந்து நின்றான் அந்த ஆறடி மனிதன்.

அவன் சொன்னது இதுதான். புதன்கிழமை அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை இல்லை. எல்லோருக்கும் ஒரு கல்யாண விருந்து. மாமனார் வீட்டிலிருந்து பழங்கள் வந்திருந்தன. வீட்டில் அடுப்புச் சூடு. இந்த அறைதான் ஊரிலேயே குளிர்ச்சியான இடம். மதிய விருந்துக்குப் போவதற்கு முன்னால் நைசாக உள்ளே நுழைந்து, மெஷினின் முதுகை ஒட்டி அடுக்கிவிட்டுப் போய்விட்டான். மெஷினின் முதுகை ஒருநாளும் அடைக்கக்கூடாது, சூடான காற்று வெளியே போக வழி வேண்டும் என்று ஷுஹ்ரத் தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கேட்டானா? அதனால்தான் மெஷின் மூச்சுத் திணறிச் செத்தது. செத்துப்போன பெண்களின் குரல்களைத் தன் பழங்கள் தின்றுவிட்டன என்றான்.

“தலைவருக்கும் தெரியும் அக்கா. ஆனா பெரிய மனசு, சொல்லாம இருக்காரு. அன்னைக்குச் சாயங்காலம் விருந்து முடிஞ்சு வரும்போது ஆபீஸ்ல நிறுத்தச் சொன்னாரு. மாத்திரை மறந்துட்டாராம். உள்ள போயி ரொம்ப நேரம் வரல. வெளிய வந்தப்போ மூஞ்சில ரத்தமே இல்ல. என் பழத்தைப் பாத்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன்.”

இந்திசோர் எழுந்து போய், மெஷினின் முதுகை ஒட்டியிருந்த பழத்தை எடுத்துவந்தாள். கத்தி கேட்டாள். அறுத்தாள். கல் மாதிரி இறுகி, தோல் பச்சை மாறாமல் இருந்தது. ஒரு துண்டைக் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“விசாரணை நடக்கும்போதே சாட்சியைச் சாப்பிடுறீங்களே, அக்கா” என்றான் ரஜப்.

“சாட்சி நல்லாப் பேசுது. நீயும் ஒரு துண்டு சாப்பிடு” என்றாள் அவள். அதற்கு மேல் எதையும் விளக்கவில்லை. குவாந்திக்கைத் தோளில் தட்டி, பழங்கள்மேல் தப்பில்லை, வீட்டுக்குக் கொண்டுபோ என்று சொல்லி அனுப்பினாள். அவன் நம்பாமலே போனான்.

அடுத்து வந்தவள் ஸமீரா. சாட்சியங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள், இருபத்தைந்து இருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. அவள் அழவில்லை, அழுது முடித்திருந்தாள். பேட்டரிப் பெட்டியில் மெஷினைத் தவிர எதையும் சொருகக்கூடாது என்று தெரிந்தும், வாரக்கணக்கில் தன் மின்கெண்டியை அதில்தான் சொருகித் தேநீர் போட்டாளாம். செவ்வாய்க்கிழமை அது ஒருமுறை கீச்சென்று கத்தியதாம். கெண்டியைப் பிடுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாளாம்.

“என் அக்கா ஹிலோலாவோட பதிவும் அதுல இருந்துச்சு” என்று முடித்தாள். “ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே பேசினா. அப்புறம் அதிக நாள் தாங்கல. நான் இன்னும் அதைக் கேக்கவே இல்ல. அப்புறம் கேப்போம், அப்புறம் கேப்போம்னு தள்ளிட்டே இருந்தேன்.”

ரஜப் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. பைக்குள் திருப்புளி குத்தியது. ஷுஹ்ரத் மட்டும் இதைச் செய்திருந்தால், இந்தப் பெண்ணின் முகத்தில் தான் எப்படி முழிப்பது என்று நினைத்தான். அவன் பெயரை வெளியே சொன்னால், வீட்டில் மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று அடுத்த நொடியே நினைத்தான்.

மூன்றாவது ஆள் வரவில்லை. கணக்காளர் சனோபர், மெஷினைப் பராமரிக்கும் பொறுப்பு அவளுடையது. தூசி தட்டுவது, விளக்குகளைப் பார்ப்பது, அறையைக் குளிர்ச்சியாக வைப்பது, வாரம் ஒருமுறை நகல் எடுப்பது எல்லாம் அவள்தான். வியாழக்கிழமை மதியத்திலிருந்து ரத்த அழுத்தம் என்று விடுப்பு. கோஷ்கூபிர் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு.

“கிளம்பு” என்றாள் இந்திசோர்.

*

கார் எடுக்கப் போன இடத்தில்தான் ரஜப் அந்தக் காரியத்தைச் செய்தான்.

காலையில் ஓதாநஸர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, எந்தப் பக்கம் துப்புக் கிடைத்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு, திங்கட்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டிருந்தார். அப்போது ரஜப் சும்மா தலையாட்டினான். இப்போது வேறு கணக்கு ஓடியது. எல்லாருடைய கண்ணும் சனோபர் பக்கம் திரும்பினால், ஷுஹ்ரத் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள். அவகாசம் கிடைத்தால், இரவு அவன் வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடித்து உண்மையை வாங்கிவிடலாம். போனை எடுத்தான். சனோபர் அக்கா வீட்டுக்குப் போகிறோம், அவள்மேல்தான் சந்தேகம் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஊரைத் தாண்டி, பறித்து முடித்த பருத்திக் காடுகளுக்கு நடுவே போகும்போது இந்திசோர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“பைல இருக்கிறதை வெளிய எடு, ரஜப்.”

கார் லேசாக ஆடியது. அவன் ஓரம் கட்டினான். திருப்புளியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தான். காது மடல் சுட்டது.

“அக்கா, அவன் அப்படிப்பட்டவன் இல்ல. ஆனா...”

“ஆனா நீ நம்பல.”

அவன் சிவப்பு டேப்பை நகத்தால் கீறினான்.

“காலையிலேயே உன் மச்சானுக்கு நான் போன் பண்ணிட்டேன். எங்க அக்கா வீட்டுக்காரர்தானே உங்ககிட்ட இருக்காருன்னு அவனே சொன்னான். ஒளிச்சு வைக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்ல. இந்தத் திருப்புளியை சனோபர் அக்காவுக்குன்னு விட்டுட்டுப் போனவனும் அவன்தான். வடிகட்டி கழற்ற, மூடி கழற்ற. உன் மச்சான் சர்வர் ரூமுக்குள்ள எப்படி வருவான்?”

ரஜப் யோசித்தான். செருப்புக் காலோடு, வாயில் ரொட்டியோடு, கையில் தேநீர்க் கோப்பையோடு வருவான். மெஷின் மேலேயே கோப்பையை வைப்பான். துணியுறையை ஒருநாளும் திரும்பப் போடமாட்டான்.

“சொல்லிக் குடுக்கிறவன் செய்யமாட்டான். சொல்லிக் குடுத்ததைப் பயந்து பயந்து செய்யறவங்கதான் அத்தனையும் செய்வாங்க” என்றாள் இந்திசோர். “பழமும் அந்தப் பக்கம்தான் கை காட்டுச்சு. ஓடுற மெஷினோட முதுகுல சாயங்காலம் வரைக்கும் ஒட்டிக்கிட்டிருந்தா அது கொழகொழன்னு ஆகியிருக்கும். கல்லு மாதிரி இருக்கு. அப்போ புதன்கிழமை மதியம் பழம் வர்றதுக்கு முன்னாடியே மெஷின் அணைஞ்சாச்சு. அன்னைக்குக் காலைல ஆபீஸ்ல யார் இருந்திருப்பா? கல்யாண நாள்லயும் தூசி தட்ட வர்ற ஆளு ஒருத்தர்தான்.”

அப்படியானால் சனோபர்தான் திருடி. தன்னுடைய போனில் தப்பேதும் இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று ரஜப் மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் அடுத்த திருப்பம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. போன் செய்ததை அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தான். இரண்டு முறையும் கியரை மாற்றினான்.

*

சனோபர் முற்றத்தில் தந்தூர் அடுப்புக்குள் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். இந்திசோர் தன் பெயரைச் சொன்னதும், வந்ததற்கான காரணத்தைக் கேட்கவே இல்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். குளிர்காலப் பஞ்சு மெத்தைகள் அடுக்கியிருந்த பெட்டியைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து தரையில் வைத்தாள். நான்கு டிஸ்க்குகளும் நகலும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுத்தமான துணியில்.

“எடுத்துட்டுப் போங்க” என்றாள். “ஆனா அந்த ஆளுகிட்ட மட்டும் குடுத்துடாதீங்க.”

எந்த ஆள் என்று கேட்டது ரஜப்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு சனோபர் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாளாம். பக்கத்து அறையில் ஓதாநஸர் போனில் பேசியது மெல்லிய சுவர் வழியே கேட்டது. ஆலைக்காரர்களோடு பேச்சு. திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடும் என்றாராம். மெஷின் தெரியாத ஆட்கள் கையில் மெஷின் கெட்டுப்போவது அதிசயமா, ஒருத்தி கெண்டி சொருகுகிறாள், ஒருத்தி ஈரக்கையோடு தொடுகிறாள், பழியை யார் தலையில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சிரித்தாராம்.

“ராத்திரி முழுக்கத் தூங்கல. போலீசுக்குப் போலாம்னா அவரோட அக்கா பையனே அங்க இருக்கான். கோர்ட்டுக்குப் போய் யாரைப் பாக்கணும்னும் தெரியல. புதன்கிழமை காலைல போயி, தம்பி சொல்லிக்குடுத்த வரிசைப்படி அணைச்சேன். எடுத்தேன்.”

“அப்புறம் தூசி தட்டினீங்க” என்றாள் இந்திசோர்.

சனோபர் முதல்முறையாகத் தலைகுனிந்தாள். “கை தானாச் செஞ்சுடுச்சும்மா. அழுக்கா விட்டுட்டு வர மனசு வரல.”

“ஓதாநஸர் புதன் சாயங்காலம் அதே வேலைக்குத்தான் உள்ள போயிருக்காரு” என்று ரஜப் பக்கம் திரும்பினாள் இந்திசோர். “திருட வந்த இடத்துல முன்னாடியே திருடு போயிருக்கு. அதனாலதான் மூஞ்சில ரத்தம் இல்ல. மெயிலே படிக்கத் தெரியாத மனுஷன், எந்த மூடிக்குப் பின்னாடி டிஸ்க் இருக்குன்னு போன வாரம்தான் ஷுஹ்ரத்துகிட்டக் கேட்டிருக்காரு, தீப்பிடிச்சா எதைத் தூக்கிட்டு ஓடணும்னு. தான் தொலைச்சதைத் தேட அவர் நம்மள வைக்கல, ரஜப். தனக்குக் கிடைக்காததைத் தேட வெச்சிருக்காரு.”

சனோபர் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. தரையில் கிடந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டுக்காக நான் வருத்தப்படவில்லை என்றாள் மெதுவாக. மெஷின் செத்துவிட்டது என்று அவர் சொன்னபோது ஸமீராவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தன் கெண்டிதான் காரணம் என்று அவள் என் மடியில் விழுந்து அழுதாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் முகம் எதையும் மறைக்காது, அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முதுகு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது என்றாள்.

ரஜப் சுவரில் சாய்ந்தான்.

“அக்கா, நான் அவருக்குப் போன் பண்ணிட்டேன்.”

இந்திசோர் திரும்பினாள்.

“இங்க வர்றோம்னு சொல்லிட்டேன். ஷுஹ்ரத் மேல கண்ணு போகக்கூடாதுன்னு.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“அவர்மேல சந்தேகம்னு நான் காலையிலேயே உன்கிட்டச் சொல்லியிருக்கணும். பைல என்ன இருக்குன்னு நீயாச் சொல்றியான்னு பாத்துட்டு இருந்தேன். நீ மறைச்சே, நான் சோதிச்சேன். ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் அந்த ஆளை இந்த அம்மா வீட்டு வாசலுக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்.”

தெருவில் கார் ஒன்று வேகம் குறையும் சத்தம் கேட்டது.

*

அப்போது ரஜப் செய்ததை அவன் யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. முற்றத்துக்கு ஓடினான். ஓரமாக இருந்த பிளாஸ்டிக் குவளை, தன் போன் சார்ஜர், காலில் கிடந்த ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் தந்தூருக்குள் வீசினான். கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது. சனோபர் ஒட்டிய ரொட்டிகள் அத்தனையும் நாறிப்போயின. இந்திசோர் பொட்டலத்தோடு உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மறைந்தாள்.

வெளிவாசலில் ஓதாநஸர் வெள்ளைக் காரிலிருந்து இறங்கினார். ரஜப் ஒற்றைச் செருப்போடு எதிரே போய் நின்றான். கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டான்.

“எரிச்சுட்டாங்க அண்ணா. நாங்க வர்றதுக்குள்ள அடுப்புல போட்டுட்டாங்க. பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்காங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“நகல்?”

“அதுவும்தான்.”

ஓதாநஸர் புகையைப் பார்த்தார். நாற்றத்தை மூச்சிழுத்துப் பார்த்தார். பிறகு அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் தாமாக எழுந்து, விருந்து முடிந்து நன்றி சொல்லும்போது தடவிக்கொள்வதுபோல முகத்தை மேலிருந்து கீழாகத் தடவின. தடவி முடித்த பிறகுதான், தான் துக்கப்பட வேண்டியவர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. சட்டென்று முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

ரஜப் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகத்தில் ஒரு துளி மிச்சமிருந்தாலும் அது அத்தோடு போயிற்று.

பாவம், வயதான பொம்பளை, புத்தி பேதலித்துவிட்டது, போலீஸ் கீலீஸ் என்று அவளை அலைக்கழிக்க வேண்டாம் என்றார் ஓதாநஸர். தாராளமாகப் பேசினார். ரஜப்பின் தோளில்கூடக் கை வைத்தார். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நானே விளக்கிச் சொல்லிக்கொள்கிறேன் என்று காரில் ஏறிப் போனார். கார் கண்ணுக்கு மறையும்வரை ரஜப் அசையாமல் நின்றான். அந்தக் கை பட்ட தோளைப் பிறகு துடைத்துக்கொண்டான்.

இந்திசோர் வெளியே வந்து புகையை விசிறினாள். “நல்லா அழுதே” என்றாள்.

“அழல அக்கா, புகை” என்றான் அவன். ஆனால் அது புகை மட்டுமில்லை என்று இருவருக்குமே தெரியும்.

அடுத்தது என்ன என்பதில் தகராறு வந்தது. குடும்பங்களின் வழக்கறிஞர் நூகுஸ் நகரில் இருக்கிறார், டிஸ்க்குகளை இன்றைக்கே அவரிடம் சேர்த்துவிடலாம், ஆனால் திங்கள்வரை யாருக்கும் தெரியக்கூடாது, ஸமீராவுக்கும்தான் என்றாள் இந்திசோர். அதுவரை குரல் எழுப்பாத சனோபர் அப்போதுதான் எழுந்து நின்றாள்.

“என்னைத் திருடின்னு சொல்லுங்க. எரிச்சவள்னு ஊரு பூரா சொல்லுங்க, திங்கக்கிழமை வரைக்கும் தாங்கிக்கறேன். அந்தப் பொண்ணை இன்னும் ஒரு ராத்திரி அப்படியே விட்டீங்கன்னா இதைத் தூக்கிட்டு நானே தெருவுல போய் நிப்பேன்.”

இந்திசோர் ரஜப்பைப் பார்த்தாள். மறைக்கத் தெரியாத முகம் என்றால் மறைத்து வைக்க வேண்டியதுதானே, அவளையே இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் ஆயிற்று என்றான் ரஜப். வேடிக்கையாகத்தான் சொன்னான். இந்திசோர் கார் சாவியை அவனிடம் தூக்கிப் போட்டாள்.

*

டிஸ்க்கிலிருந்து படத்தை எடுத்துக் காட்ட ஆள் வேண்டும். ஷுஹ்ரத்துக்குப் போன் செய்ய வேண்டியவன் ரஜப். “வர்றேன் மாமா, ஏன் உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டான் அவன். ரஜப் ஒன்றுமில்லை என்றான்.

திரும்பி வரும் வழியில் ஸமீரா முன் இருக்கையில் இருந்தாள், ஷுஹ்ரத் பின்னால் தன் பெட்டியோடு. டிஸ்க் பத்திரமாக இருக்கிறது என்று ரஜப் சொன்னதும் அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவள் இன்னும் வெளிறிப்போனாள். பருத்திக் காடுகள் வந்த பிறகுதான் சொன்னாள். அவளும் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாளாம். அன்றைக்கு அவளுடைய முறை. தூக்கம் கலையவில்லை என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்குப் பதிலா நீ போயேன் என்று அக்காவிடம் சொன்னாளாம். பதிவைக் கேட்காமல் தள்ளிப்போட்டது அதற்காகத்தான். அக்கா அதைச் சொல்லியிருந்தால்?

“மெஷின் செத்துப்போச்சுன்னு சொன்னப்போ ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு அண்ணே” என்றாள். “அதுக்கப்புறம்தான் அழுதேன்.”

சாயங்கால வெளிச்சத்தில், சனோபர் வீட்டுக் கம்பளத்தில், ஷுஹ்ரத்தின் சின்னக் கணினிக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரஜப் மட்டும் நிலைப்படியில் நின்றான். ஆஸ்பத்திரித் தலையணை. கட்டுப் போட்ட தலை. ஹிலோலாவின் குரல் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. கூரை முந்தின நாளே முனகியது, அன்றைக்கும் முனகியது, வெளியே விடச் சொன்னோம், மேற்பார்வையாளர் கதவைப் பூட்டிவிட்டுப் போனார் என்று அவர் பெயரைச் சொன்னாள். எழுத்துக்கூட்டிக்கூடச் சொன்னாள். படம் எடுத்தவர், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

“அன்னைக்கு என் தங்கச்சியோட முறை. நான் போனதே நல்லதாப் போச்சு” என்றாள் ஹிலோலா. “அவ காதுல எப்பவும் பாட்டு மாட்டிக்கிட்டேதான் தைப்பா. கூரை முனகினது அவளுக்குக் கேட்டே இருக்காது. நான் கேட்டதாலதான் எட்டுப் பேரை மேசைக்கடில தள்ள முடிஞ்சுது. அவகிட்ட இதைச் சொன்னா ஒத்துக்கமாட்டா, சண்டைக்கு வருவா.” சொல்லிவிட்டு வலியோடு சிரித்தாள்.

ஸமீரா கையை நீட்டி, திரையைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தாள். மறுபடி போடச் சொன்னாள். ஷுஹ்ரத் போட்டான். சனோபர் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மெஷின் கெட்டுப்போகவே இல்லை என்று தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதை மெல்லிய குரலில் சொன்னாள். ஸமீரா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் அவள் தோளில் வைத்தாள்.

இந்திசோர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு நூகுஸுக்குப் போகும் வாடகைக் காரில் ஏறினாள். உன் மச்சானை வீட்டில் விட்டுவிட்டு வா என்று ரஜப்பிடம் சொன்னாள். சொன்ன விதத்திலேயே, அவனிடம் உண்மையைச் சொல்லிவிடு என்பதும் இருந்தது.

காருக்குப் பக்கத்தில் வைத்து ரஜப் சொன்னான். திருப்புளியை எடுத்தது, ஒளித்தது, காரணம், எல்லாவற்றையும். வேடிக்கையாகச் சொல்ல ஒரு வழி தேடினான், கிடைக்கவில்லை. ஷுஹ்ரத் கேட்டுக்கொண்டு நின்றான். கோபப்படவில்லை.

“நான் எடுத்திருப்பேன்னா நினைச்சீங்க, மாமா?”

“ஆமா.”

ஷுஹ்ரத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான். ஸமீரா சனோபர் வீட்டிலேயே தங்கிவிட்டதால், இப்போது முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. ரஜப் அதைப் பார்த்தான். காரை எடுத்தான்.

ஊர்கெஞ்ச் வரும்வரை இருவரும் அப்படியே வந்தார்கள்.